புது பெயின்ட் வாசனையும் நாலு பழைய காட்டேஜும்!

"ரெனோவேஷன் முடிஞ்சாச்சு, வாங்க!" என்று கூப்பிட்ட பீச் ரிசார்ட்டுக்குக் கோடை விடுமுறையில் கிளம்பிய ஒரு திருச்சிக் குடும்பத்தின் இரண்டு நாள் கதை இது. கூடவே, நீங்கள் புக் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய சில கேள்விகளும்!

ஏப்ரல் கடைசி வாரம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாள், திருவெறும்பூரில் இருக்கும் அந்த வீட்டில் ஒரு போன் கைமாறிக்கொண்டே இருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஃபேமிலி பீச் ரிசார்ட்டின் விளம்பரம். எட்டு மாதம் மூடியிருந்து, முழுக்கப் புதுப்பித்து, திறந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. திறப்புச் சலுகையில் குடும்ப அறை ஓர் இரவுக்கு 6,800 ரூபாய்.

ஒன்பதாம் வகுப்பு மகள் நீச்சல் குளத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு மகனுக்குத் தண்ணீர்ச் சறுக்கு. அம்மா பாத்ரூம் படத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தார். கடைசியாக போன் அப்பாயி கைக்குப் போனது. 71 வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊஞ்சல் இருக்கா பாரு தம்பி."

அதே ரிசார்ட்டுக்கு 1994-ல் அவர் போயிருக்கிறார். பெல் ஆலையில் வேலை பார்த்த கணவருக்குக் கிடைத்த எல்.டி.சி பயணம். இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த ஊஞ்சலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்ததாகச் சொல்வார். தாத்தா இறந்து நான்கு வருடம் ஆகிறது. விளம்பரத்தில் ஊஞ்சல் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்காகவே அப்பா அன்று இரவு பணம் கட்டிவிட்டார்.

சோபாவில் இன்னும் பிளாஸ்டிக் உறை!

விடிகாலையில் கிளம்பி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். வாசலில் புது வளைவு, புது பெயர்ப்பலகை. வரவேற்பறையில் குளிர்ந்த நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். அங்கிருந்த சோபா ஒன்றில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஊழியர்கள் எல்லோரும் இளவட்டம். சட்டையில் கடை மடிப்பு அப்படியே இருந்தது. அறைச் சாவி அட்டை மூன்று முறை சிவப்பு விளக்கு காட்டி, நான்காவது முறைதான் கதவைத் திறந்தது.

அறை, படத்தில் பார்த்தது போலவே இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் நீலக் கடல். பிள்ளைகள் "ஹே!" என்று கட்டிலில் குதித்தார்கள். அம்மா நேராக பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏங்க, பக்கெட்டும் இல்ல, மக்கும் இல்ல. அத்தை எப்படிக் குளிப்பாங்க?"

கூரையில் மழை ஷவர், பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு எல்லாம் இருந்தது. முழங்கால் வலி உள்ள ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கைப்பிடிதான் இல்லை. வரவேற்பறைக்கு போன் போட்டார்கள். பக்கெட் வர 40 நிமிடம் ஆனது. அதிலும் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறார்கள், பாவம்!

உப்புக் காற்று சும்மா விடாது

கடலோரக் கட்டடங்களை ஏன் இப்படிச் சில வருடங்களுக்கு ஒருமுறை மூடி மூடிப் புதுப்பிக்கிறார்கள்? ஆடம்பரம் மட்டும் காரணம் இல்லை. கடல் காற்றில் கலந்து வரும் உப்பு சுவரில் படிகிறது. அதிலிருக்கும் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் அது உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். ஏ.சி-யின் வெளிப்பெட்டி, கதவுக் கீல், பால்கனிக் கம்பி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

எனவே, பராமரிப்பு வேலை நடப்பது நல்ல அறிகுறிதான். அந்த வேலை எந்த அவசரத்தில் முடிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் பூச்சு காயாது, பெயின்ட் ஒட்டாது. வேலை இழுத்துக்கொண்டே போகும். கோடை விடுமுறைக் கூட்டத்தை விட்டுவிட்டால் ஒரு வருட வருமானத்தில் பெரிய துண்டு விழும். அதனால், கடைசிக் கோட் பெயின்ட் அடித்த கையோடு கதவைத் திறந்துவிடுகிறார்கள். இந்த ரிசார்ட்டிலும் அதுதான் நடந்திருந்தது.

ஊஞ்சல் எங்கே?

சாயங்காலம் வெயில் தணிந்ததும் அப்பாயி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலைத் தேடிப் போனார். அது இருந்ததாக அவர் சொன்ன இடத்தில் இப்போது செல்ஃபி பாயின்ட். சுவரில் வரைந்த பெரிய இறக்கைகளுக்கு நடுவே நின்று ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது.

கடற்கரைப் பக்கக் கேட்டில் விசிலோடு உட்கார்ந்திருந்தார் ஒரு வாட்ச்மேன். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். அந்த ரிசார்ட்டில் 30 வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறவர்.

"ஊஞ்சலா? நீங்க பழைய ஆளாம்மா?" என்று எழுந்து நின்றார். "அதை இப்ப எடுக்கலம்மா. மாண்டஸ் புயல் வந்துச்சே, அதுல ரெண்டு மரமும் சாஞ்சிடுச்சு. அப்பவே போச்சு."

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. இத்தனை நேரமும் ரெனோவேஷன் மீது மனதுக்குள் கோபமாக இருந்த அப்பாயிக்கு, இப்போது யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கடலாவது அங்கேயே இருக்கே" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

பையன் அலையில் கால் நனைக்க ஓடினான். இரண்டு முறை விசில் சத்தம். வாட்ச்மேன் ஓரிடத்தைக் காட்டினார். "அதோ, அங்க மட்டும் அலை உடையாம அமைதியா இருக்கு பாரு தம்பி. அங்கதான் ஆபத்து. இழுத்துட்டுப் போயிடும்."

அவர் சொன்னதைப் பெரியவர்களும் குறித்துக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற ஒடுங்கிய வழி அது. இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் கலங்கலாகவோ அமைதியாகவோ தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் "அங்கேதான் அலை இல்லை" என்று போய் இறங்கிவிடுவார்கள். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. சீக்கிரம் களைத்துவிடுவோம். மிதந்தபடி கை தூக்கி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த உயிர்காப்பாளரைவிட, அந்தக் கடலோடு வளர்ந்த ஒருவருக்கு இது கண் பார்த்த உடனே தெரியும்.

இரவு பதினொன்றரை மணி

சின்னவனுக்கு வீசிங் உண்டு. ஒரு வருடமாகத் தொந்தரவு இல்லை. அன்று இரவு ஒன்பது மணிக்குச் சின்ன இருமல். ஐஸ்க்ரீம் என்று நினைத்தார்கள். பத்தரைக்கு மூக்கைத் தேய்த்தான். பதினொன்றரைக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டான். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், அந்த விசில் சத்தம் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

பையில் இன்ஹேலரும் ஸ்பேசரும் இருந்தன. எங்கே போனாலும் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். மருந்தைக் கொடுத்துவிட்டு, காற்று வரட்டும் என்று ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடி முழுவதும் ஃபிக்ஸ் செய்தது. திறக்கவே முடியாது.

"ஏ.சி-யைக் கூட்டி வைக்கட்டுமா?" என்றார் அப்பா.

நம்மில் பலரும் செய்கிற தவறு இது. சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி வெளிக்காற்றைக் கொண்டு வராது. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்வித்துக் கொடுக்கும். புதுப் பெயின்ட், வார்னிஷ், பிளைவுட் ஒட்டும் பசை, புது மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றிலிருந்தும் வேதிப்பொருள்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பிளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும் அதில் ஒன்று. ஆரம்ப நாள்களில்தான் இந்த ஆவி மிக அதிகம். நாள் ஆக ஆகக் குறையும். வெயிலும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் வேகமாக வெளியே வரும். கடற்கரைக் கோடையில் இரண்டுமே உண்டு. நல்ல உடம்புக்காரருக்கு இது தலைவலியோடும் கண் எரிச்சலோடும் போய்விடும். மூச்சுக்குழல் மென்மையாக இருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை.

அப்பா வரவேற்பறைக்கு ஓடினார். இரவு டியூட்டியில் இருந்த இளைஞர் உடனே வந்தார். நல்ல பையன்தான். "புது ரூம் மேடம், ரெண்டு மூணு நாள்ல வாசனை போயிடும். நான் ரூம் ஸ்ப்ரே அடிச்சு விடறேன்" என்று கையில் இருந்த டப்பாவைத் தூக்கினார்.

"தம்பி! தயவுசெஞ்சு அதை அடிக்காதீங்க!" என்று அம்மா கத்தியது நடைபாதை வரை கேட்டிருக்கும். வாசனையை இன்னொரு வாசனையால் மறைக்கலாமே தவிர, விரட்ட முடியாது. வீசிங் இருப்பவர்களுக்கு அந்த ஸ்ப்ரேயே இன்னொரு தூண்டல்.

வேறு அறை தருகிறேன் என்றார் அந்த இளைஞர். இரண்டு அறைகளைத் திறந்து காட்டினார். அதே பெயின்ட், அதே மூடிய கண்ணாடி. பையனை வராந்தாவில் வைத்துக்கொண்டார் அம்மா. அப்பா கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்ஹேலருக்கு மூச்சு அடங்கவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரி. அதில் அவர்களுக்குள் இரண்டாவது பேச்சே இல்லை.

அப்போதுதான் டார்ச்சோடு ரவுண்ட்ஸ் வந்த வாட்ச்மேன் விஷயத்தைக் கேட்டார். "பின்னாடி பழைய காட்டேஜ் நாலு சும்மாத்தானே இருக்கு? அங்க கூட்டிட்டுப் போகலாமே."

இளைஞர் தயங்கினார். அவை இரண்டாம் கட்ட வேலைக்காக விட்டு வைத்தவை. விருந்தினருக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. மேனேஜரை போனில் எழுப்பினார்கள். இரண்டே நிமிடத்தில் அனுமதி கிடைத்தது.

சிவப்புத் தரை, மரச்சட்டம் போட்ட ஜன்னல், தடதடவென்று சுற்றும் மின்விசிறி. தூசி இல்லாமல் தரையை ஈரத்துணியால் துடைத்து, மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டார்கள். எதிர் எதிரே இருந்த ஜன்னல்களைத் திறந்ததும் கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. அம்மா மடியில் சாய்ந்திருந்த பையனின் தோள் மெள்ள மெள்ள இறங்கியது. ஒன்றரை மணிக்கு விசில் சத்தம் நின்றிருந்தது. "அம்மா, பசிக்குது" என்றான். அதற்குப் பிறகுதான் அப்பா கார் சாவியைக் கீழே வைத்தார்.

இதுவா, அடுத்ததா?

விடியற்காலையில் அம்மா எழுந்து வந்தபோது, அப்பாயி காட்டேஜ் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, நீங்க தூங்கவே இல்லையா?"

"தூங்கினேன்மா. இந்தக் காட்டேஜ்லதான் நாங்க தங்கினோமோன்னு பார்த்துட்டிருக்கேன். இதுவா, அடுத்ததா தெரியல. நாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

தாத்தா கடலுக்குள் இறங்கவே இல்லையாம். இரண்டு நாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இதே மாதிரி ஒரு திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். "'இவ்ளோ தூரம் பேப்பர் படிக்கத்தான் வந்தீங்களா'ன்னு சண்டை போட்டேன். 'நீ பார்த்துட்டு வந்து சொல்லு, எனக்கு அது போதும்'னாரு." இதை இத்தனை வருடத்தில் மருமகளிடம் அவர் சொன்னதே இல்லை.

பேத்திக்கு வேறு சந்தேகம். இரவில் புதுக் கட்டடத்தில் கடலைப் பார்த்த விளக்குகள் எல்லாம் எரிய, இந்தப் பக்கம் மட்டும் ஏன் இருட்டு? டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"ஆமைக் குஞ்சு வெளிய வர்ற நேரம் பாப்பா. வெளிச்சத்தைப் பார்த்தா கடலுக்குப் போகாம இங்க வந்துடும். பழைய விளக்கை எப்பவும் நான் அணைச்சிடுவேன். புதுசுக்கு சுவிட்சு எங்க இருக்குன்னு இன்னும் தெரியல."

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை நம் கடற்கரை மணலில் முட்டையிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். இருட்டில் எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அதுதான் கடல் என்று நம்பி நடக்கும். நட்சத்திர வெளிச்சத்தில் மின்னும் கடலைவிட ஒரு ஃபோகஸ் லைட் பிரகாசமாக இருந்துவிட்டால், வழி தவறிவிடும். மகள் அன்று காலை வரவேற்பறைக்குப் போய், அந்த விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, வாட்ச்மேன் அண்ணனுக்குக் காட்டச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் இரவும் அந்தக் காட்டேஜிலேயே தங்கினார்கள். மதியம் குளம், சறுக்கு, மாலையில் கடல், ராத்திரி திறந்த ஜன்னல். கிளம்பும்போது மேனேஜரே வந்தார். முதல் நாள் வாடகையில் பாதியைக் குறைத்திருந்தார். அம்மா நன்றி சொல்லிவிட்டு, கருத்துப் படிவத்தில் மூன்று வரி எழுதினார். பாத்ரூமில் கைப்பிடியும் பக்கெட்டும் வேண்டும். ஒரு ஜன்னலாவது திறக்க வேண்டும். குழந்தை இருக்கிறதா, அதற்கு வீசிங் உண்டா என்று புக்கிங்கிலேயே கேட்க வேண்டும். "கைப்பிடி இந்த வாரமே வந்துடும் மேடம்" என்றார் மேனேஜர்.

"அந்தப் பழைய காட்டேஜை எப்ப இடிக்கிறீங்க தம்பி?" என்று கேட்டார் அப்பாயி.

"ஜூன் மாசம்மா."

அப்பாயி தலையாட்டிக்கொண்டார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, நான்கு காட்டேஜ்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுக்கச் சொன்னார். எது என்று தெரியாததால், நான்கையும்!

புதுசா திறந்த ரிசார்ட்டா? புக் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க!

* பெயின்ட், மரவேலை எல்லாம் முடிந்து எத்தனை நாள் ஆகிறது? திறந்த தேதியைவிட இந்தத் தேதிதான் முக்கியம். வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால், ஓரிரு மாதம் கழித்துப் போவது நல்லது.

* அறையில் திறக்கக்கூடிய ஜன்னலோ பால்கனிக் கதவோ இருக்கிறதா? அறைக்குள் நுழைந்ததும் ஏ.சி போடுவதற்கு முன் எல்லாவற்றையும் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

* எல்லா வேலையும் முடிந்துவிட்டதா, வேறு பகுதியில் இன்னும் நடக்கிறதா? நடந்தால், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை டிரில்லிங் சத்தம் இருக்கும்?

* பெரியவர்களுக்குத் தரைத்தள அறை, பாத்ரூம் கைப்பிடி, வழுக்காத மிதியடி, பக்கெட், மக், பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

* குளத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறதா? ஆழம் எத்தனை அடி என்று எழுதியிருக்கிறதா? உயிர்காப்பாளர் எந்த நேரம் வரை இருப்பார்?

* இன்ஹேலர் போன்ற மருந்துகளை டிக்கியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மருந்து கொடுத்தும் மூச்சுத்திணறல் அடங்கவில்லை, பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

* பில்லைப் படித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி 5%. அதைத் தாண்டினால் 18%. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது.

* விளம்பரத்தில் சொன்ன வசதி நேரில் இல்லை என்றால் முதலில் மேனேஜரிடம் பேசுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்றும் உண்டு. போன கையோடு, அங்கே ரொம்ப வருடமாக வேலை பார்ப்பவர் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் எங்கே இழுக்கும், எந்த அறையில் காற்று வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்!